ஏரிவீட்டுக்கு ஐந்து பேர்

கோடை விருந்தினர்கள் போன பிறகு எங்கள் ஏரிக்கரை ஊரான புவேர்த்தோ லிங்கேயில் முதலில் மாறுவது வாசனைதான். எங்கள் தெற்குப் பக்கத்தில் கோடை பிப்ரவரியோடு முடியும்; அந்த மாதம் முழுக்கக் கரையில் எண்ணெய்ப் பலகாரமும் வெயிலுக்குப் பூசும் களிம்பும் மணக்கும். மார்ச்சில் ஒரு மழை பெய்தால் போதும், எல்லாம் கழுவிப் போய்விடும். அப்புறம் ஈர விறகின் புகை, மரத்தடியில் அழுகும் ஆப்பிள், ஏரித் தண்ணீர். படகுக்காரர்கள் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்து வைப்பார்கள். ஐஸ்கிரீம் கடைக் கதவு இறங்கிவிடும். தெருவில் யாராவது இருமினால்கூட அடுத்த தெருவில் கேட்கும்.

என் வீடு ஊருக்கும் வெளியே, மண்சாலை ஏரியைத் தொட்டுத் திரும்பும் வளைவில் இருக்கிறது. எனக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சின்ன மரவீடு உண்டு. வாடகைக்கு விடுவதற்காக என் கணவர் ஒஸ்வால்தோ கட்டியது. கட்டிய கையோடு அவர் மலைக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவுக்குப் போய் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டார். வீடு என்னோடு நின்றுவிட்டது. ஊரில் அதை ஏரிவீடு என்பார்கள். கோடையில் அங்கே பிள்ளைகள் போடும் சத்தம் என் சமையலறை வரை கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மீதி வருஷத்தை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மகன் பிராவுலியோ வடக்கே பாலைவனத்தில் செப்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். "இந்த ஈஸ்டர் புனித வாரத்துக்குக் கண்டிப்பா வர்றேம்மா" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வான். வரமாட்டான்.

அன்றைக்கு ஏரிவீட்டின் மெத்தைகளை வெயிலில் போட்டு எடுத்து, ஜன்னல்களைச் சாத்திப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன். சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. எங்கள் வளைவில் கைப்பேசி எடுக்காது. இந்தப் பழைய கம்பி போன்தான்.

"வணக்கம் சென்யோரா. உங்க ஏரிவீடு புனித வாரத்துக்குக் காலியா இருக்குங்களா?"

நிதானமான ஆண் குரல். பின்னால் காற்று வீசுகிற மாதிரி லேசாக ஒரு இரைச்சல். வெளியில் எங்கிருந்தோ பேசுகிறார் என்று நினைத்தேன்.

"இருக்குங்க. எத்தனை பேர்?"

"அஞ்சு பேர். நான், என் சம்சாரம், பொண்ணு, பையன், ஒரு கைக்குழந்தை. ரொம்ப நாளா எங்கயாவது குடும்பத்தோட போகணும்னு பேசிட்டே இருக்கோம். இலை சிவக்கற நேரத்துல வரணும்னு என் சம்சாரத்துக்கு ஆசை. அங்க இலை சிவந்துடுச்சுங்களா?"

ஜன்னல் வழியே பார்த்தேன். சரிவில் லெங்கா மரங்களின் உச்சி மட்டும் துருப்பிடித்த மாதிரி இருந்தது.

"இப்பத்தான் மேல ஆரம்பிச்சிருக்கு. நீங்க வர்றப்ப கரை வரைக்கும் இறங்கிடும்."

"கொட்டறதுக்குள்ள வந்துடணும்," என்றார் அவர். பெயர் ரெனான் கார்காமோ. அடுப்பு புகையுமா, குழந்தையைத் துணியில் கட்டித் தூங்க வைக்க உத்தரத்தில் கொக்கி உண்டா, படுத்தபடியே தண்ணீரைப் பார்க்க முடிகிற மாதிரி கட்டில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். குடும்பத்துக்காக இத்தனை யோசிக்கிற ஆணை நான் பார்த்ததில்லை. போனை வைத்தபோது கொதித்த தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு அவர் தினமும் பேசினார் என்றே சொல்லலாம். சாயங்காலத் தேநீருக்கு நான் உட்காருகிற நேரம் பார்த்து போன் அடிக்கும். படகு பற்றி ஒரு நாள், கரையில் கூழாங்கல்லா மணலா என்று ஒரு நாள். ஒவ்வொரு முறையும் முதலில் இலையைப் பற்றித்தான் கேட்பார். நானும் அவருக்குச் சொல்வதற்காகவே காலையில் வெளியே போய் மரங்களைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தேன். இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்த நாளும் உண்டு.

ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்க கிட்ட நாய் இருக்குங்களா சென்யோரா?"

"இருக்கு. கனேலோன்னு பேரு. பூனைக்குட்டி மாதிரி, ஒண்ணும் பண்ணாது."

"என் பொண்ணு தெல்ஃபினாவுக்கு நாய்னா உசுரு போயிடும். அந்த ஒரு வாரம் மட்டும் வேற எங்கயாவது விட முடியுங்களா? சொல்லவே சங்கடமா இருக்கு."

மறுநாளே கனேலோவைக் கயிற்றில் கட்டி, சாலையில் மேலே இருக்கிற எலியானா பாரியா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எலியானா பாலும் பாலாடைக்கட்டியும் விற்கிறவள். புருஷன், மாமியார், மூன்று பிள்ளைகள். வாய் மட்டும் ஊருக்கே போதும்.

"நாயை அனுப்பிட்டு யாரைடி வீட்டுக்குள்ள விடப்போற?" என்று வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"விருந்தாளி வர்றாங்க. புள்ள பயப்படுதாம்."

"புனித வாரத்துக்கு இன்னும் எத்தனை நாள் கிடக்கு. இப்பவே ஏன் அனுப்பற?"

அவர் சொன்னவுடன் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது, செய்தேன். திரும்பி வரும்போது கனேலோ கயிற்றை இழுத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து சாலையோர வாசல் கதவின் மணி. திறந்தால் அடிக்கும் என்று ஒரு பழைய மாட்டுமணியைக் கட்டி வைத்திருந்தேன். தன் மனைவி மிர்த்தாவுக்கு ஒற்றைத் தலைவலி என்றார் ரெனான். கழற்றி வைத்தேன். அப்புறம் முற்றத்து விளக்கு. குழந்தை கண்ணில் வெளிச்சம் பட்டால் தூங்காதாம். பல்பைத் திருகி எடுத்துவிட்டேன். அப்புறம் சாவி.

"சாவிக்காக நீங்க காத்துட்டு இருக்க வேண்டாம். நாங்க எப்ப வந்து சேருவோம்னு சொல்ல முடியாது. சும்மா சாத்தி வையுங்க."

"சரிங்க."

"அந்த வாரம் வேற யாரும் வரமாட்டாங்கல்ல? எங்களுக்குக் கூட்டம் பழக்கம் இல்ல."

"வர்றதுக்கு யாரு இருக்கா எனக்கு? நான் ஒருத்திதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தெரியுது," என்றார் மெதுவாக. "உங்க குரல்லயே தெரியுது."

அன்றைக்கு அவர் போனை வைக்கவில்லை. "ஒரு நிமிஷம், பொண்ணு பேசணுங்கறா," என்றார். கொஞ்ச நேரம் அந்தக் காற்று மட்டும் கேட்டது. அப்புறம் ரொம்பப் பக்கத்தில், காதுக்குள்ளேயே பேசுகிற மாதிரி ஒரு சின்னக் குரல்.

"அத்தை."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எந்தப் பெண்ணையும் அத்தை என்றுதான் கூப்பிடும். கடைக்காரியையும் கூப்பிடும். ஆனால் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"சொல்லு கண்ணு."

"நீங்க எங்க கூட சாப்பிடுவீங்களா?"

"உனக்கு இஷ்டம்னா சாப்பிடறேன்."

"தட்டு வெப்பேன்," என்றது குழந்தை.

அன்றிரவு முர்த்தா பழத்தைக் காய்ச்சி ஜாம் செய்தேன். வீடு முழுக்க இனித்தது. நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்ததை நானே பாதியில்தான் கவனித்தேன்.

புனித வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை பிராவுலியோ பேசினான். குரலில் ஒரு கூச்சம்.

"அம்மா, லீவு கிடைச்சிருக்கு. இந்தத் தடவை நிஜமாவே. ஏரிவீட்டுல படுத்துக்கறேன், உன்னைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த சொல் அது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இந்த வாரம் முடியாதுப்பா. ஒரு குடும்பம் வருது. வேற யாரும் வரக்கூடாதுன்னு பேச்சு."

"நான் வேற யாராம்மா?"

"இன்னொரு தடவை வாயேன்."

போனை வைத்த பிறகு சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். பிள்ளையை வரவேண்டாம் என்று சொன்ன வலி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உள்ளே எதுவோ மரத்துக் கிடந்தது, ஊசி போட்ட ஈறு மாதிரி.

செவ்வாய்க்கிழமை எலியானா பால் கொண்டுவந்தாள். நாய் ராத்திரியெல்லாம் ஏரிப் பக்கம் பார்த்து ஊளையிடுகிறது, மாமியார் திட்டுகிறாள் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள். அப்போது போன் அடித்தது. என் கை இரண்டும் மாவு. நான் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"நெல்டா வீடு."

கேட்டுக்கொண்டே இருந்தாள். எப்போதும் யாரையும் பேசவிடாமல் பேசுகிறவள் வாயைத் திறக்காமல் நின்றாள். பிறகு, "இல்ல. எங்க வீட்டுல ஆறு பேர்," என்றாள்.

போனை மெதுவாக மாட்டினாள்.

"என்னடி பண்ணின, என்கிட்ட குடுக்கறதுக்கு என்ன?" என்றேன் கோபமாக.

"நான் வெக்கல. அவன்தான் வெச்சுட்டான்." எலியானா தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஏதேதோ பேசிட்டே போனான், கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். நீங்களும் தனியாத்தான் இருக்கீங்களான்னு."

"விசாரிச்சிருப்பாரு. இதுல என்ன?"

"மூச்சு எங்கடி?"

"என்ன?"

"பேசறப்ப நடுவுல மூச்சு விடணும்ல. அவன் விடல. நான் காதை வெச்சுக் கேட்டேன். அவ்வளவு நீளமாப் பேசறான், ஒரு மூச்சு இல்ல. பின்னால கேக்குதே ஒரு சத்தம், அதைக் காத்துன்னா நினைச்சுட்டு இருக்க?"

எனக்கு அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. ஆறு பேர் இருக்கிற வீட்டில் இருந்துகொண்டு பேசுகிறாள் என்று நினைத்தேன். அதைச் சொல்லியும்விட்டேன். அவள் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, "எந்த ஊர்க்காரங்கன்னாவது கேட்டியா?" என்றாள்.

கேட்டதே இல்லை. அது அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

புதன்கிழமை அவர்கள் வருகிற நாள்.

காலையிலிருந்து காற்றே இல்லை. லெங்கா இலைகள் கரை வரை சிவந்து இறங்கியிருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. ஏரிவீட்டில் படுக்கை விரித்தேன். அடுப்பில் விறகு அடுக்கிப் பற்றவைத்து, அது நன்றாகப் பிடித்து வீடு சூடாகும் வரை இருந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். பூட்டவில்லை. என் வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டேன். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் ஏரியிலிருந்து பனி எழுந்தது. முதலில் எதிர்க்கரைக்குப் பின்னால் நிற்கும் எரிமலை மறைந்தது. பிறகு எதிர்க்கரை. பிறகு என் படகுத்துறை. வெளிச்சம் குறையக் குறைய அது புல்வெளியில் ஏறி வந்தது.

எங்கள் புல்வெளியில் ஆட்காட்டிப் பறவைகள் உண்டு. யார் நடந்தாலும் கத்தும். பூனை போனாலும் கத்தும். இருபது வருஷமாக அந்தக் கத்தலைத் திட்டிக்கொண்டே இருந்தவள் நான்.

அன்றைக்கு அவை ஒன்றாக எழுந்து, கத்தாமல், மேட்டுப் பக்கம் பறந்து போயின.

சாலையில் வண்டி எதுவும் வரவில்லை. வாசல் கதவு திறக்கவில்லை. ஆனால் சமையலறை ஜன்னலுக்கு நேரே, பனிக்குள், ஏரிவீட்டில் விளக்கு எரிந்தது.

வந்துவிட்டார்கள்.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. தலையைச் சீவிக்கொண்டேன். சூடான ரொட்டியைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனேன். பனியில் என் காலடியே எனக்குக் கேட்கவில்லை. கிட்டே போகப் போக ஒரு வாசனை வந்தது. படகுத்துறைப் பலகைகளுக்கு அடியில், வெயிலே படாத இடத்தில் அடிக்கிற வாசனை.

கதவு தொட்டதும் திறந்துகொண்டது.

உள்ளே வெளியைவிடக் குளிர். அடுப்பின் கண்ணாடிக்குப் பின்னால் நான் அடுக்கிய விறகு அடுக்கியபடியே கறுப்பாக, ஈரமாக இருந்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம் வரிசையாக அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏரி ஜன்னலைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டி. மேல்கோட்டுகூடக் கழற்றவில்லை. ஆணின் அகன்ற முதுகு. பக்கத்தில் ஒரு பெண், மடியில் போர்வைச் சுருள். இரண்டு சின்னத் தலைகள்.

ஒரு நாற்காலி காலி.

"உள்ள வாங்க சென்யோரா," என்றார் ரெனான், திரும்பாமல். போனில் கேட்ட அதே குரல். அதே இரைச்சல் இந்த அறையிலும் இருந்தது. அது காற்று இல்லை. தலை முங்கியிருக்கும்போது காதுக்குள் கேட்குமே, அது.

பெண் எழுந்து, பாத்திரத்திலிருந்து கரண்டியால் ஒவ்வொரு தட்டிலும் ஊற்றினாள். நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல். நான் ஒரு அடி முன்னால் போய்ப் பார்த்தேன்.

தண்ணீர். வெறும் தண்ணீர்.

ஆறு தட்டு.

அந்தச் சிறுமி திரும்பினாள். அவள் முகத்தில் பயப்பட ஒன்றுமே இல்லை. அழகான குழந்தை. நேர்வகிடு எடுத்து இறுக்கிப் பின்னியிருந்தது. வெகுநேரம் பேருந்து நிலையத்தில் காக்க வைக்கப்பட்ட பிள்ளையின் முகம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"அத்தை, உக்காருங்க. ஆறிடும்."

என் கையைப் பிடித்தாள். ஆழத்திலிருந்து எடுத்த கல்லின் குளிர். விரல் நுனிகள், ரொம்ப நேரம் குளத்தில் கிடந்த பிள்ளைகளுக்குச் சுருங்குமே, அப்படிச் சுருங்கியிருந்தன.

ஓடியிருக்க வேண்டும். என் கால்களுக்கு அந்த எண்ணமே இல்லை. ஒரு மேஜை, ஐந்து பேர், எனக்கென்று ஒரு தட்டு. நாற்காலியின் முதுகைப் பிடித்தேன். மரம் சொதசொதவென்று இருந்தது. பிடித்த இடத்தில் தண்ணீர் கசிந்தது.

"இங்க நல்லா இருக்கும்," என்றாள் அந்தப் பெண். அவள் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். "யாரும் விட்டுட்டுப் போகமாட்டாங்க."

நான் உட்கார்ந்தேனா?

இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது நினைவிருக்கிறது. அது சுகமாக இருந்ததும் நினைவிருக்கிறது.

அப்போதுதான் மேலே சாலையில் ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல். பனிக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சம் ஆடியது. வண்டிக் கதவு அறைந்து மூடிக்கொண்டது.

"அம்மா."

மேஜையில் எல்லாரும் அசையாமல் இருந்தார்கள்.

"அம்மா. எங்க இருக்க?"

ரெனான் மெதுவாக, மெதுவாகத் தலையை என் பக்கம் சாய்த்தார். கோபமில்லை. அதில் இருந்த ஏமாற்றத்தைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

"தனியாத்தான் இருக்கேன்னு சொன்னீங்களே."

சிறுமி என் கையை விட்டாள்.

"அத்தை பொய் சொல்லிட்டாங்கம்மா," என்றாள் தன் தாயிடம்.

விளக்கு அணைந்தது.

பிராவுலியோ வந்தபோது நான் இருட்டில் அந்த மேஜை முன் நாற்காலியில் இருந்தேனாம். பாவாடை இடுப்பு வரை நனைந்திருந்ததாம். ரொட்டி மடியில் ஊறிக் கூழாகியிருந்தது. அவன் என்னைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினான். என் வீட்டு அடுப்பின் முன்னால் உட்கார வைத்து, காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே பேசினான்.

"எலியானா அக்கா நேத்து ராத்திரி போன் பண்ணாங்க. நாயைக் குடுத்துட்டா, மணியைக் கழட்டிட்டா, விளக்கைப் பிடுங்கிட்டா, என்னன்னு வந்து பாருடான்னாங்க. காலையில முதல் விமானம் பிடிச்சேன்."

"நான்தான் உன்னை வரவேண்டாம்னுட்டேனே."

"அது நீ சொன்ன மாதிரியே இல்லம்மா. எழுதிக் குடுத்ததைப் படிச்ச மாதிரி இருந்துச்சு." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, "அதுக்காக நான் மட்டும் ஒழுங்குன்னு இல்ல. ஒவ்வொரு வருஷமும் வர்றேன் வர்றேன்னு ஏமாத்தினது நான்தானே," என்றான்.

நான் அப்போதுதான் அழுதேன்.

பெரிய வியாழன் காலையில் அவன் எலியானாவின் புருஷனையும் கூட்டிக்கொண்டு ஏரிவீட்டுக்குப் போனான். ஆறு தட்டிலும் தண்ணீர் அப்படியே இருந்ததாம். ஜன்னல் வழியே கொட்டிவிட்டார்கள். ஈரக் காலடி, சேறு, எதுவும் இல்லை. விரித்த படுக்கைகள் கலையவே இல்லை.

விசாரிக்காமல் இருக்கவில்லை. பிராவுலியோ படகுத்துறை அலுவலகத்தில் கேட்டான். பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் பெயர்களைப் பார்த்தார். ஊரிலேயே வயதான மீன்காரர் யோசித்து யோசித்துத் தலையாட்டினார். எங்கள் ஏரியில் மூழ்கியவர்கள் உண்டு. ஆனால் இந்த மாதிரி ஒரு குடும்பம், தாயும் தகப்பனும் மூன்று பிள்ளைகளும், யாருக்கும் நினைவில் இல்லை. அப்படி ஒரு பெயர்க்காரர் எங்கள் ஊருக்கு வந்ததாகவே யாரும் சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. இந்த ஏரியிலிருந்து வந்தவர்கள் என்றாவது தெரிந்திருந்தால், எங்கே பார்க்கக்கூடாது என்றாவது தெரிந்திருக்கும்.

பிராவுலியோ என்னை வடக்கே கூட்டிக்கொண்டு போனான். குளிர்காலம் முழுக்க அவன் வீட்டில் இருந்தேன். மழை என்பதே இல்லாத ஊர். குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் சத்தம். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். வேலை முடிந்து வரும்போது ஏதாவது வாங்கி வருவான், இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஆனால் வருஷக்கணக்கில் தனியாக இருந்தவளுக்கு இன்னொருவர் வீட்டில் கையைக் காலை எங்கே வைப்பது என்றே தெரிவதில்லை. வசந்தம் தொடங்கும்போது என் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். அவன் சண்டை போட்டான், பிறகு விட்டுவிட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறான். எலியானா தினமும் வருகிறாள். மாமியாரையும் சில நாள் இழுத்துக்கொண்டு வந்து என் அடுப்படியில் உட்கார வைத்துவிடுகிறாள். கேட்டால், "உனக்காக இல்லடி, எங்க வீட்டுல கொஞ்ச நேரம் நிம்மதி வேணும்," என்கிறாள்.

ஏரிவீட்டின் கதவிலும் ஜன்னல்களிலும் எலியானாவின் புருஷன் பலகை அடித்துவிட்டார். யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. நான் அந்தப் பக்கம் இறங்குவதே இல்லை. சமையலறை ஜன்னலுக்கு ஒரு திரை தைத்துப் போட்டிருக்கிறேன்.

போன வாரம் அந்தத் திரையைத் துவைக்க எடுத்தேன்.

காலை நேரம். தூறிக்கொண்டிருந்தது. ஏரிவீட்டுக்குப் பின்னால், கரைக்கும் சுவருக்கும் நடுவே, கோடையில் விருந்தினர்கள் துணி காயப்போடுகிற கயிறு இருக்கிறது. அதை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கயிறு நிறையத் துணி.

பெரிய சட்டை ஒன்று, காலுறைகள், சின்னக் கவுன், அதைவிடச் சின்னக் கால்சட்டை, குழந்தைத் துணிகள் வரிசையாக. எல்லாவற்றையும் பொறுமையாக உதறி, சுருக்கம் நீக்கி, கிளிப் மாட்டியிருந்தார்கள். மழையில் சொட்டிக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் நெடுநாள் தங்கப்போகிறவர்கள் காயப்போடுகிற மாதிரி.

அந்த வரிசையின் கடைசியில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை தொங்கியது. வலது முழங்கையில் நீல நூலால் இழை ஓட்டியிருந்தது. நீல நூல்தான் அன்றைக்குக் கையில் இருந்தது என்று நான் ஓட்டியது.

என் படுக்கையறை அலமாரியில் என்னுடைய அந்தச் சட்டை இருக்க வேண்டும், மேல் தட்டில். நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.